எஞ்சினீயர் தாத்தா

ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களில் பல வகை உண்டு. ரிடையரான ஜட்ஜ், வீட்டில் மாமியார் மருமகள் சண்டை வந்தால்கூட இரு தரப்பு வாதத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை ஒத்திவைப்பார். ரிடையரான தலைமை ஆசிரியர், கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் மணமக்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் சந்திப் பிழையைப் பார்ப்பார். ரிடையரான தாசில்தார், வந்தவரை உட்காரச் சொல்ல மறந்துவிடுவார். வேலை போன பிறகும் பழக்கம் போவதில்லை. என் தாத்தா பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதைப் பார்த்தாலும் மட்டம் பார்ப்பார்.

பேரப்பிள்ளைகளை மட்டம் தட்டுகிற தாத்தாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மட்டம் பார்க்கிற தாத்தா எனக்கு மட்டும்தான் வாய்த்தார்.

1958-ஆம் ஆண்டு, தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை கட்டி முடிந்தது. அந்த ஆண்டே தாத்தாவுக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. சொந்த ஊரான களமருதூருக்கு வந்துவிட்டார். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் இருக்கிறது ஊர். அப்போது அது தென்னார்க்காடு ஜில்லா. 1993-இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஜில்லா மட்டும் இரண்டு தடவை வீடு மாறியிருக்கிறது.

என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு மாற்றல். பள்ளிக்கூடம் கெட்டுப்போகிறது என்று என்னைக் களமருதூரில் அம்மாவைப் பெற்றவர்களிடம் விட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. தாத்தாவுக்கு நான் கிடைத்தேன் என்று சொல்வதா, எனக்குத் தாத்தா கிடைத்தார் என்று சொல்வதா தெரியவில்லை. அந்த வீட்டில் நிறைய நேரமும் குறைந்த வேலையும் உடையவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

தோசைக்கல்லில் மாவு ஒரு பக்கமாக ஓடும். ஆயா அதை அடுப்பின் குணம் என்பாள். தாத்தா ஒரு நாள் ரசமட்டத்தைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அடுப்பின் ஒரு பக்கத்தில் ஓட்டுத்துண்டு ஒன்றைச் செருகினார். அன்று முதல் தோசை வட்டமாக வந்தது. ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. "மாவு இன்னிக்கு நல்லாப் புளிச்சிருக்கு" என்றாள்.

பொங்கலுக்குப் பொங்கல் என்னைக் கூடத்துத் தூணோடு நிறுத்தி உயரம் அளப்பார். கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து நாட்டையே அளப்பதுபோல், எங்கள் வீட்டு வாசற்படியைப் பூஜ்யமாக வைத்து என்னை அளந்தார். தூணில் பென்சிலால் ஒரு கோடு. தம்முடைய லெவல் புத்தகத்தில் ஒரு வரி. அதுவும் சும்மா நாலு அடி என்று எழுதமாட்டார், 4.07 என்று நூற்றில் ஒரு பங்குவரை எழுதுவார்.

"வளர்ற பிள்ளையை அளக்கக்கூடாது. கண் பட்டுடும்" என்பாள் ஆயா.

"கண் வைக்கிறவன் இவ்வளவு நுணுக்கமா வைக்கமாட்டான்" என்பார் தாத்தா.

தாத்தாவின் பிரியமெல்லாம் இப்படித்தான் இருக்கும். மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் நான் உட்காரும் பலகையின் சிராயை இழைத்துவைத்திருப்பார். கிணற்றடியில் நான் நிற்கும் இடத்தில் மட்டும் கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கியிருப்பார். எதையும் சொல்லிச் செய்யமாட்டார், செய்ததையும் சொல்லமாட்டார்.

அவர் படித்தது கிண்டியில். 1794-இல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, பிறகு எஞ்சினீயரிங் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குக் குடிபோன அதே கல்லூரி. படிப்பு முடிந்து கொஞ்ச காலத்திலேயே மேட்டூருக்குப் போனார். அங்கே 1925-இல் தொடங்கிய அணை வேலை 1934-இல் முடிந்தது. 5,300 அடி நீளச் சுவர். நீர்மட்டம் 120 அடி. நிறைந்தால் 93 டி.எம்.சி.க்கு மேல், அதாவது ஒன்பதாயிரத்து முந்நூறு கோடி கன அடிக்கு மேல் தண்ணீர். தஞ்சாவூர் நெல்லெல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான். மேட்டூரில் வேலை பார்த்தேன் என்று சொல்பவர்கள் சுவரைப் பற்றித்தான் பேசுவார்கள். தாத்தா பேசமாட்டார். அவருக்கு அங்கே கிடைத்த வேலை வேறு.

தண்ணீர் எதுவரை ஏறும் என்று மட்டம் பார்த்து, அந்த இடத்தில் கல் நட்டுக்கொண்டு போகிற கோஷ்டியில் அவர் இருந்தார். கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வயலும் வீடும் மூழ்கும். அந்தப் பக்கம் இருப்பவை பிழைக்கும். கல்லைப் பார்த்த பிறகு ஜனங்கள் வருவார்கள். ஒரு பெரியவர் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு முழம் தள்ளிப் போடுங்க சாமி, அந்தப் புளியமரம் எங்கப்பன் வெச்சது" என்றாராம். தாத்தாவுக்கு அப்போது முப்பது வயது இருக்காது.

"என்ன சொன்னீங்க தாத்தா?" என்று கேட்டேன்.

"கல்லைத் தள்ளிப் போடலாம். தண்ணியைத் தள்ளிப் போட முடியாதேன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. போயிட்டார்."

காவிரியில் தண்ணீர் மிகவும் வற்றுகிற வருஷங்களில், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தலை தூக்கும். பார்ப்பதற்கு ஜனங்கள் திரளாகப் போவார்கள். பத்திரிகையில் படம் வரும். தாத்தா அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

இப்போது எங்கள் ஏரிக் கதைக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், தாங்கல் என்று 39 ஆயிரத்துக்கு மேல் உண்டு. எங்கள் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்ற மாதங்களை ஓட்டுகிறவை. மேட்டில் பெய்த மழை வரத்து வாய்க்கால் வழியாக ஏரிக்கு வரும். மதகு வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சினால் கலிங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். இவ்வளவுதான் சூத்திரம். இதில் எங்கே ஓர் அடைப்பு விழுந்தாலும் கீழே இருக்கிற ஊர்களெல்லாம் அனுபவிக்கும்.

1961-ஆம் வருஷத்தோடு எங்கள் ஊர் ஏரி நிறைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மழை பெய்யாமல் இல்லை. கெடிலத்தில் வெள்ளம் போயிற்று. எங்கள் ஏரியில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஊரார் பல காரணம் சொன்னார்கள். ஐயனாருக்குப் பொங்கல் வைக்கவில்லை என்றார்கள் சிலர். மதகு ஒழுகுகிறது என்றார்கள் சிலர். நீர்க்கட்டி சரியில்லை என்றார்கள் பலர். நெல் போட்டவர்கள் கம்புக்கும் மல்லாட்டைக்கும் மாறினார்கள்.

தாத்தா கர்ணத்திடம் போய்க் கிராமப் படத்தை வாங்கிவந்தார். பெட்டியிலிருந்து தம்முடைய பழைய டம்பி லெவலை எடுத்துத் துடைத்தார். மூன்று காலில் நிறுத்துகிற அந்தத் தூரதிருஷ்டிக் கருவியை வாசகர்கள் சாலை ஓரத்தில் பார்த்திருப்பார்கள். ஒருவர் கருவியில் கண் வைத்துப் பார்க்க, இன்னொருவர் எட்டத்தில் அளவு எழுதிய கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கோல் பிடிக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. எனக்குப் பதினோரு வயது.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பளைப் பிள்ளையை வெயில்ல நிறுத்தி இதென்னப்பா வேலை?" என்றார்.

"கிண்டியிலேயே பொம்பளைப் பிள்ளைங்க படிச்சுப் பட்டம் வாங்கி வருஷம் எத்தனையோ ஆச்சு. உனக்குச் சேதி வந்து சேரலை" என்றார் தாத்தா.

அது உண்மை. லலிதா என்ற பெண், பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த நிலையில் 1940-இல் கிண்டியில் எலெக்ட்ரிகல் எஞ்சினீயரிங் சேர்ந்தார். அவருடைய தகப்பனார் அங்கே பேராசிரியர். பின்னாலேயே திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இருவர் சிவில் எஞ்சினீயரிங்கில் சேர்ந்தார்கள். இவர்களில் திரேசியா 1971-இல் கேரளத்துப் பொதுப்பணித் துறைக்கே சீப் எஞ்சினீயர் ஆனார். தாத்தாவுக்கு என்னைப் பற்றியும் அப்படி ஒரு கனவு இருந்திருக்கலாம். எனக்குக் கணக்கைவிடக் கதை நன்றாக வந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

கோல் பிடிப்பதிலும் ஒரு வித்தை உண்டு. கோல் சாய்ந்தால் கணக்குத் தப்பும். அதனால் அதை முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். அப்போது தெரிகிற அளவுகளில் எது குறைவோ அதுதான் கோல் நேராக நின்றபோது வந்த அளவு. அந்தக் காலத்துக் கருவியில் உருவம் தலைகீழாகத் தெரியும். ஒரு தடவை என்னைப் பார்க்கவிட்டார். ஏரி ஆகாயத்தில் தொங்கிற்று. பனைமரம் தலையால் நின்றது. "எல்லாம் தலைகீழா இருக்கே தாத்தா!" என்றேன். "இருக்கட்டும். அளவு தலைகீழாகாது" என்றார்.

இன்னொன்றும் சொல்லித்தந்தார். புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்து கணக்கை முடிக்க வேண்டும். போகும்போது ஏறியதும் இறங்கியதும் வரும்போது சரிக்குச் சரி கழிந்துபோக வேண்டும். கழியவில்லையென்றால் வழியில் எங்கோ தவறு. மறுபடி நடக்க வேண்டியதுதான். நாங்கள் ஏரியிலிருந்து மேற்கே வாய்க்கால் நெடுகப் போய்த் திரும்பினோம். முதல் நாள் கணக்குச் சரியாகவே வந்தது. தாத்தா மறுநாளும் போனார். மூன்றாம் நாளும் போனார். எனக்குக் கால் வலித்தது. "நேத்தே சரியா வந்துச்சே?" என்றேன். பதில் சொல்லவில்லை.

ஏன் மூன்று நாள் என்பது மூன்றாம் நாள் ராத்திரி தெரிந்தது. ஓரிடத்தில் வாய்க்காலின் அடி, மேலே இருப்பதைவிட ஒன்றேகால் அடி மேடாக இருந்தது. தண்ணீர் அதுவரை வந்து, ஏற முடியாமல் பக்கத்து ஓடையில் திரும்பி, கெடிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அகலமும் போதவில்லை. கிராமப் படத்தின்படி அங்கே வாய்க்கால் 60 லிங்க் அகலம். தரையில் இருந்தது 12 லிங்க். மீதி 48 லிங்கை உழுது, வரப்பை நகர்த்தி, மேடாக்கி, ஒரு வயல் விழுங்கியிருந்தது.

அந்த வயல் எங்களுடையது. இன்னும் சரியாகச் சொன்னால், என்னுடையது. என் கல்யாணத்துக்கென்று ஆயா பிடிவாதம் பிடித்து ஒதுக்கிவைத்திருந்த ஒன்றேகால் ஏக்கர் அதுதான்.

தாத்தா என் சிலேட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். லிங்கை லிங்கால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சென்ட். அகலம் 48, நீளம் 450. பெருக்கினால் 21,600. ஆயிரத்தால் வகுத்தால் 21.6 சென்ட். அவ்வளவும் வாய்க்கால்.

"யார் உழுதது?" என்று ஆயா கேட்டாள்.

"எங்கப்பாவோ, அவங்கப்பாவோ. வருஷத்துக்கு ஒரு சால் தள்ளி உழுதா யாருக்குத் தெரியும்?"

மாமா கத்தினார். கத்தியதில் நியாயமும் இருந்தது. "மேலே கீழே எல்லாரும்தான் உழுதிருக்கான். நாம மட்டும் விட்டுக்கொடுத்தா நம்மளைப் பைத்தியக்காரன்னு சொல்வான். நடுவுல வாய்க்கால் ஓடற வயலை யார் மதிப்பான்? தாய் தகப்பனைப் பிரிஞ்சு வந்திருக்கிற பிள்ளை. அவ சொத்துல கை வைக்கிறீங்களே, உங்களுக்கு மனசு வருதா?"

தாத்தா மாமாவுக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என்னைத் திண்ணையில் உட்கார்த்தி, பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல் விஷயத்தைச் சொன்னார். வயலில் எவ்வளவு போகும், என்ன மிஞ்சும், விலை எப்படிக் குறையும், எல்லாவற்றையும் சொன்னார். மேட்டூரில் அந்தப் பெரியவர் புளியமரத்துக்காகக் கேட்டதை மறுபடியும் சொன்னார். "ஊரார் வயல்லே கல் நட்டவன் பாப்பா நான். சொந்த வயல்னு வரும்போது கல்லை நகர்த்தினா, அன்னிக்கு நட்டதெல்லாம் பொய்யாயிடும். ஆனா வயல் உன்னுது. நீ சொல்லு" என்றார்.

எனக்குப் புரிந்தது பாதிதான். "அளவு சரிதானே தாத்தா?" என்று கேட்டேன்.

"மூணு தடவை பார்த்துட்டேன்."

"அப்ப சரி" என்றேன்.

அவர் வெகுநேரம் என் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தை மாதம் எங்கள் வயலில் மண்வெட்டி இறங்கியது. முதல் வெட்டைத் தாத்தாவே வெட்டினார். மாமா அன்று ஊரில் இல்லை. மேலண்டைக்காரர்கள் இரண்டு பேர் நாலு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, தங்கள் பங்கையும் வெட்டிவிட்டார்கள். ஒருவர் கடைசிவரை வெட்டவில்லை. அவரை யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

கதையாக இருந்தால் அந்த வருஷமே ஏரி நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. மழை சுமார்தான். "இருந்ததையும் கெடுத்தாச்சு" என்று மாமா ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா தினம் காலையில் வாய்க்கால் வரை நடந்து போய்விட்டு வருவார். அதற்கடுத்த கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை நீர்க்கட்டி ஓடிவந்து கதவைத் தட்டினார். "ஐயா, கலிங்கல் போகுது!"

நாங்கள் எல்லாரும் குடையில்லாமல் ஓடினோம். பழுப்பு நிறத் தண்ணீர் கல்லைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். அவர் தாத்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் மல்லாட்டையை விட்டு நெல் போட்டார்.

1965-இல் கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணை கட்டி முடிந்தபோது தாத்தா என்னைப் பஸ்ஸில் அழைத்துப்போய்க் காட்டினார். அதன் நீர்மட்டம் 46 அடிதான். "மேட்டூர்ல பாதிகூட இல்லையே" என்றேன். "குளிக்கிறவனுக்குச் சொம்புத் தண்ணியும் தண்ணிதான்" என்றார். எல்லாரும் அணையின் மேல் நின்று மலையைப் பார்த்தார்கள். தாத்தா தண்ணீர் விளிம்பில் இறங்கி நடந்து, மூழ்கிய வயல்களின் வரப்பு எங்கே ஆரம்பித்து எங்கே மறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

1971-ஆம் ஆண்டு தை மாதம் எனக்குக் கல்யாணம். மாமா சொன்னது பலித்தது. நடுவில் வாய்க்கால் ஓடுகிற வயலுக்கு எதிர்பார்த்த விலை வரவில்லை. நகையில் இரண்டு பவுன் குறைந்தது. ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பெண் பார்த்தவர்கள் நல்லவர்களாக இருந்ததால் விஷயம் அதோடு போயிற்று.

புறப்படுகிற அன்று தாத்தா என் கையில் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே தபால் ஆபீஸ் சேமிப்புப் புத்தகம். என் பெயரில் இருந்தது. 1962 ஜனவரி முதல், ஒரு மாதம் தவறாமல், மாதம் ஐந்து ரூபாய். பென்ஷன்காரருக்கு அந்த நாளில் ஐந்து ரூபாய் சின்னத் தொகையல்ல. அவர் பொடி போடுவதை நிறுத்தியதும் இங்கிலீஷ் பேப்பரை நிறுத்தியதும் அந்த வருஷம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வட்டியோடு அறுநூற்றுச் சில்லறை இருந்தது.

புத்தகத்துக்குள் ஒரு துண்டுக் காகிதம். லெவல் புத்தகத்தில் எழுதுகிற அதே சின்ன எழுத்து:

"நிலம் 21.6 சென்ட். ஏக்கர் ரூ.2,000 வீதம் மதிப்பு ரூ.432. கட்டாயமாக எடுத்ததற்கு நூற்றுக்குப் பதினைந்து, ரூ.64.80. ஆக ரூ.496.80. வட்டி தனி."

வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். சர்க்கார் ஒருவருடைய நிலத்தைப் பொதுக் காரியத்துக்காக எடுத்தால், 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டப்படி மார்க்கெட் விலை கொடுக்க வேண்டும். அதற்குமேல் நூற்றுக்குப் பதினைந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். உடையவன் விற்க விரும்பாதபோது கட்டாயப்படுத்தி எடுத்ததால் அவன் மனசு பட்ட பாட்டுக்கு அது. பிற்காலத்தில், 1984-இல், அதை முப்பதாக உயர்த்தினார்கள். 2013-ஆம் வருஷத்துச் சட்டம் நூற்றுக்கு நூறு என்றே ஆக்கிவிட்டது. மேட்டூரில் தாத்தா காலத்தில் பதினைந்துதான்.

சட்டப்படி தாத்தா எனக்கு ஒரு காசுகூடத் தரவேண்டியதில்லை. அந்த 21.6 சென்ட் எங்களுடையதே அல்ல, சர்க்கார் புறம்போக்கு. மூன்று தடவை அளந்து அதை நிரூபித்தவரே அவர். ஆனால் எனக்கென்று சொல்லிவைத்த ஒன்றை என்னிடமிருந்து எடுத்திருக்கிறார். அந்தக் கணக்கு வேறு கணக்கு. திண்ணையில் உட்கார்த்தி என்னைக் கேட்டாரே, அப்புறம் எதற்குக் "கட்டாயமாக" என்று எழுதினார்? இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். பதினோரு வயதுப் பெண், தான் உயிராக நினைக்கிற தாத்தா கேட்கும்போது மாட்டேன் என்றா சொல்வாள்? அந்தச் சம்மதம் சம்மதமாகாது என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதற்கான பதினைந்தைத் தம் மேல் விதித்துக்கொண்டு, ஒன்பது வருஷம் யாரிடமும் சொல்லாமல் கட்டியிருக்கிறார்.

பேரப்பிள்ளையின் மேல் பிரியம் உள்ள தாத்தாக்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். பிரியத்துக்காகக் கணக்கை மாற்றுகிறவர்களே அவர்களில் அதிகம். என் தாத்தா கணக்கை மாற்றவில்லை. வாய்க்காலுக்கு உரியதை வாய்க்காலுக்குக் கொடுத்தார். எனக்கு உரியதை எனக்குக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் வந்த நஷ்டத்தைத் தாம் எடுத்துக்கொண்டார்.

அவர் 1976-இல் காலமானார். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிகளைத் தூர்வாரும் திட்டம் வந்தது. மூன்று காலில் நிறுத்துகிற கருவிகளும் மாறி, ஒரு பொத்தானை அமுக்கினால் தூரமும் உயரமும் எழுத்தில் வந்துவிடுகின்றன. பொத்தானை அமுக்குகிறவர், தம் வீட்டு வயல் எதிரே வரும்போதும் அந்த எழுத்தை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்னும் கருவி வரவில்லை.

தபால் ஆபீஸ் பணத்தை நான் நகையாக்கவில்லை. அதில் ஒரு பகுதியை எடுத்துத் தேக்கில் ஒரு மேஜை செய்துகொண்டேன். என் கதைகள் எல்லாம் அதன் மேல்தான் எழுதினேன். மேஜை வந்த புதிதில் ஒரு கால் கட்டையாக இருந்து ஆடிற்று. எங்களைப் பார்க்க வந்திருந்த தாத்தா பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். அந்தக் காலடியில் மெல்லிய பலகைத் துண்டு ஒன்றை வைத்து அடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று வீடு மாறிவிட்டோம். அந்தத் துண்டை நான் எடுக்கவிடவில்லை.